ஆனால் என்றொரு நாய்

எந்த மொழியையும் நான் கற்றுக்கொண்டதில்லை.
மர்ஃபி டவுனில் யார்தான் கற்றார்கள்?
பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்டுக் கேட்டுக்
கன்னடம் வந்தது.
தெலுங்கு, மாடிவீட்டிலிருந்து
துணி காயும் கொடி வழியாக இறங்கியது.
கறிக்கடை உருதுவில் இன்றும் எனக்கு
எலும்பு, ஈரல், எடை தவிர வேறொன்றும் தெரியாது.
தமிழ் எழுத்தைக்கூட
மளிகைக்கடை காலண்டரில்தான் பொறுக்கினேன்,
ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் நடுவில்.

ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொண்டவை.
எதற்கும் முதல் பாடம் இருந்ததில்லை.

நாற்பத்து மூன்று வயதில்,
ஃப்ரேசர் டவுன் பேக்கரியின் மாடியில்,
சனிக்கிழமை எட்டு மணிக்கு
முதல் பாடம்.

கொமோ தெ யாமாஸ்.
உன் பெயர் என்ன என்று அர்த்தமாம்.
சொல்லுக்குச் சொல் பார்த்தால்,
உன்னை நீ எப்படி அழைத்துக்கொள்கிறாய்.
கேட்டவள் ஷ்ரவ்யா ஹெப்பார், என் பாதி வயதுக்காரி.
என்னை நான் அழைத்தே பார்த்ததில்லை.
மெ யாமோ அற்புதமேரி என்றேன்,
பக்கத்து அறையிலிருந்து யாரோ சொன்னதுபோல்.

ஜோபின் நர்ஸ், வலென்சியாவில் வேலைக்குப் போகிறவன்.
தன்மய் வந்தது கால்பந்துக்காக.
எனக்கு?
கணவரிடம், ஆபீஸில் மாதம் மூவாயிரம் கூடத் தருவார்கள் என்றேன்.
மகளிடம், மூளைக்கு நல்லதாம்.
இரண்டும் பொய்யில்லை.
இரண்டும் காரணமுமில்லை.

டிரினிட்டி சிக்னலில் சிவப்பு எண்கள் இறங்க இறங்க
ஸ்கூட்டரில் நானும் கூடவே இறங்குவேன்:
தியெஸ், நுவெவே, ஓச்சோ.
ஏழில் தடுக்கும்.
பச்சை எனக்காகக் காத்திருப்பதில்லை,
பின்னாலிருக்கும் டெம்போவும்.

மூன்றாம் வாரம் மெ குஸ்தா.
இங்கிலீஷில் விளக்கி விளக்கி
ஷ்ரவ்யா மூன்றுமுறை பலகையை அழித்தாள்.
நாம் காபியை ஒன்றும் செய்வதில்லையாம்,
காபிதான் நம்மை ஏதோ செய்கிறதாம்.
தன்மய் தலையைச் சொறிந்தான்.
கடைசியில் பேனாவை மூடிவிட்டு
"நனகெ காஃபி இஷ்ட" என்றாள்.
அவ்வளவுதான்.
எனக்குக் காபி பிடிக்கும்.
ஜோபின் "எனிக்கு" என்று ஆரம்பித்துச் சிரித்தான்.
கீழே பன் வெந்த வாசனை
படியேறி வந்து எங்கள் நால்வரையும் பிடித்தது.

சிக்கல் ரகரத்தில்.
பெரோ என்றால் ஆனால்.
பெறோ என்றால் நாய்.
நோட்டில் தமிழில்தான் எழுதினேன்,
எழுத்தில் குழப்பமே இல்லை.
காகிதத்துக்குத் தெரிந்தது நாக்குக்குத் தெரியவில்லை.
அரையும் அறையும் ஒரே விலைக்கு
இத்தனை வருஷம் விற்றுக்கொண்டிருந்த நாக்கு.
நுனி அதிரணும் ஆன்ட்டி என்றாள் ஷ்ரவ்யா.
அல்சூர் சந்தையோரம் ஓர் ஆட்டோக்காரர் லீவரை இழுத்தார்.
ட்ர்ர்ர். முதல் இழுப்பிலேயே.
பொறாமையாக இருந்தது.

பேச ஆள் வேண்டும்.
இந்த மொழி எந்தக் கொடி வழியாகவும் இறங்காது,
எந்தக் கடையிலும் இதில் கால்கிலோ ஈரல் கேட்க முடியாது.
ஆகவே தெருமுனையில்,
டிரான்ஸ்ஃபார்மரடியில் படுத்திருக்கும்
ஒரு காது மடிந்த பழுப்பு நாயிடம் போனேன்.
வெண்ணெய் பிஸ்கட்டை நீட்டி அழைத்தேன்.
நாக்கு காலை வாரியது.
ஆனால், ஆனால், ஆனால் என்று
ஒரு நாயைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்,
காலை ஆறரைக்கு.
பால் பாக்கெட் போடும் பையன்
சைக்கிளை நிறுத்திப் பார்த்தான்.

வந்தது.
அப்புறம் தினமும் வந்தது.

போன வியாழன் இரவு பாத்திரம் தேய்க்கையில்,
யாரும் கேட்காமல்,
நுனி அதிர்ந்தது.
பெர்ர்ரோ.
குழாயை மூடிவிட்டு இன்னொருமுறை.
சரிதான்.
சோப்பு ஈரத்தோடு தெருமுனைக்கு ஓடி
சுத்தமான உச்சரிப்பில் கூப்பிட்டேன்.

மடிந்த காதுகூட அசையவில்லை.
வேறு யாரையோ கூப்பிடுகிறேன்
என்று நினைத்திருக்கும்.

பெரோ என்றேன், மெதுவாக.
எழுந்து, உடம்பை உதறி,
வாலை ஆட்டிக்கொண்டு வந்தது
ஆனால்.